ஷவர் சுவர்ல டைல்ஸ் ஜாயின்ட் உதிருது, கீழ் வீட்டு சீலிங்ல ஓதம். எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

மூணாவதுமாடி:
எல்லாருக்கும் வணக்கம். வேளச்சேரியில 11 வருஷப் பழைய அபார்ட்மென்ட், மூணாவது மாடி. பெட்ரூம் பாத்ரூம்ல ஷவருக்குன்னு கண்ணாடி வச்சுத் தடுத்த ஒரு மூலை இருக்கு. சுவர்ல 12க்கு 18 டைல்ஸ், தரையில 12க்கு 12 சொரசொர டைல்ஸ்.

சுவர்ல இடுப்பு உயரத்துக்குக் கீழ ஜாயின்ட் எல்லாம் உதிருது. விரல் வச்சுத் தேய்ச்சா கோலமாவு மாதிரி ஒட்டுது. தரையும் சுவரும் சேர்ற மூலையில நீளமா ஒரு பிளவு, விசிட்டிங் கார்டை நுழைச்சா பாதி உள்ள போகுது. அங்கங்க கருப்பா பூஞ்சை வேற.

இதுவரைக்கும் கண்டுக்காம இருந்துட்டேன். இப்ப கீழ் வீட்டு மாமா தினமும் காலையில குட்மார்னிங்குக்குப் பதிலா அவர் பாத்ரூம் சீலிங்கை போட்டோ எடுத்து அனுப்புறார். நடுவுல பழுப்பா ஒரு வட்டம், ஒரு தாம்பாளம் அளவுக்கு.

பிளம்பரைக் கூப்பிட்டேன். ரெண்டு நிமிஷம் நின்னு பார்த்துட்டு "மொத்தமா உடைச்சுப் போடணும் சார்"ங்கிறார். ஹார்டுவேர் கடையில கேட்டா "ஒரு கிலோ ஒயிட் சிமெண்ட் வாங்கி அப்பிடுங்க"ங்கிறாங்க. ஒருத்தர் லட்சத்துல பேசுறார், இன்னொருத்தர் ஐம்பது ரூபாயில. யாரை நம்புறது?

சும்மாவந்தேன்:
ஒயிட் சிமெண்ட்தான் பெஸ்ட். எங்க வீட்ல அதான். முதல்ல ஆசிட் ஊத்தி நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டு அப்புங்க, நல்லாப் பிடிக்கும்.

கரண்டி:
ஆசிட்டை முதல்ல ஓரமா வைங்க தம்பி. 27 வருஷமா டைல்ஸ் வேலை பார்க்கிறேன். நம்ம ஊர்ல ஜாயின்ட் போறதுக்குப் பாதிக் காரணமே அந்த ஆசிட் பாட்டில்தான். ஜாயின்ட்ல இருக்கிறது சிமெண்ட். ஆசிட் பட்ட உடனே பொஸ்ஸுன்னு நுரை வருதே, அழுக்கு போகுதுன்னு நினைக்கிறீங்க. போறது சிமெண்ட். வாராவாரம் ஊத்தினா வருஷத்துக்கு ஒரு படி ஜாயின்ட் கரைஞ்சு டிரெயினேஜுக்குப் போயிடும்.

மூணாவதுமாடி சார், உங்க வீட்லயும் ஆசிட் உண்டா? இன்னும் மூணு கேள்வி:
ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து ஒவ்வொரு டைலா தட்டிப் பாருங்க. கணீர்னு கேக்குதா, டொக்குன்னு பொள்ளல் சத்தமா?
விரிசல் எல்லா ஜாயின்ட்லயும் இருக்கா, மூலையில மட்டும் அதிகமா?
கீழ் வீட்டு வட்டம் உங்க தரை டிராப்புக்கு (தரையில தண்ணி வெளிய போற ஓட்டைக்கு) நேர் கீழயா, சுவர் பக்கமா?

இதுக்குப் பதில் தெரியாம எதை அப்பினாலும் ஒப்பேத்துற வேலைதான்.

சிவில்காரன்:
கரண்டி அண்ணன் கேட்டது சரியான கேள்விங்க. அதோட ஒரு விஷயம் எல்லாருக்கும் தெளிவா இருக்கணும்: கிரவுட், அதாவது டைல்ஸ் ஜாயின்ட்ல அடைக்கிற கலவை, தண்ணியைத் தடுக்கிற சாமான் இல்லை. நல்ல சிமெண்ட் கிரவுட்டே கொஞ்சம் தண்ணி குடிக்கும். தடுக்க வேண்டியது டைல்ஸுக்கு அடியில பூசுற வாட்டர்ப்ரூஃபிங். அது நல்லா இருந்தா ஜாயின்ட் விரிஞ்சாலும் கீழ் வீட்டுக்கு இறங்காது. இறங்குதுன்னா ஜாயின்டும் போயிருக்கு, அடியில இருக்கிறதும் எங்கயோ கோட்டை விட்டிருக்கு. இல்லைன்னா பைப்.

இன்னொண்ணு. நம்ம அபார்ட்மென்ட்ல பாத்ரூம் ஸ்லாபைத் தாழ்வா இறக்கி, பைப்பை ஓட்டி, மேல செங்கல் ஜல்லி கொட்டி நிரப்பியிருப்பாங்க. ஜாயின்ட் வழியா இறங்குற தண்ணி அந்த ஜல்லிக்குள்ள குளம் மாதிரி தேங்கி நிக்கும். மேல அடைச்ச அன்னிக்கே கீழ காயும்னு எதிர்பார்க்காதீங்க. பழைய தண்ணி வாரக்கணக்கா கசியும்.

மூணாவதுமாடி:
தட்டிப் பார்த்துட்டேன். சுவர்ல ஷவர் குழாய்க்குக் கீழ அஞ்சு டைல் டொக்கு சத்தம். அதுல ஒண்ணு கட்டைவிரலால அழுத்தினா லேசா அசையுது. தரை எல்லாம் கணீர்.

விரிசல் எல்லா இடத்துலயும் இருக்கு, ஆனா மூலையில இருக்கிறதுதான் பெருசு. கீழ் வீட்டு வட்டம் டிராப்லேர்ந்து ஒன்றரை அடி தள்ளி, சுவர் பக்கம். டேப் வச்சு அளந்தேன், மாமா ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டார்.

ஆசிட்... வேலைக்கு வர்ற அக்கா சனிக்கிழமை சனிக்கிழமை ஊத்துவாங்க. போர் தண்ணி, டைல்ஸ்ல வெள்ளை வெள்ளையா உப்புக்கறை. ஆசிட் இல்லாம போக மாட்டேங்குது. வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

கரண்டி:
நினைச்சேன். சுவர்ல ஐஞ்சு பொள்ளல்னா அந்தக் காலத்து வேலை. டைல் முதுகுல நாலு மூலையில நாலு உருண்டை, நடுவுல ஒண்ணுன்னு கலவையை அப்பி சுவர்ல ஒட்டிட்டுப் போயிடுவாங்க. உருண்டைக்கு நடுவுல எல்லாம் வெற்றிடம். ஜாயின்ட் வழியா நுழைஞ்ச தண்ணி அங்க நின்னு, மெதுவா இறங்கி மூலைக்கு வரும்.

மூலை பிளக்கிறது வேற கதை. சுவர் ஒரு பக்கம் அசையும், தரை ஒரு பக்கம் அசையும். வெயிலுக்கு விரியும், ஈரத்துக்கு உப்பும். நடுவுல கிரவுட் மாதிரி விறைப்பான சாமானை வச்சா அது பிளந்தே தீரும். பத்து தடவை அடைச்சாலும் பத்து தடவை பிளக்கும். அந்த இடத்துல ரப்பர் மாதிரி இழுத்துக் கொடுக்கிற சிலிக்கான்தான் போடணும். சுவரும் சுவரும் சேர்ற நிமிர்ந்த மூலைக்கும் அதே.

கோவைக்காரி:
அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறுங்க. நாங்க ரெண்டு தடவை மூலையில கிரவுட் அப்பி ஏமாந்தோம். மூணாவது தடவை சிலிக்கான் போட்டு நாலு வருஷம் ஆச்சு, அப்படியே இருக்குதுங்க. ஆனா வாங்கும்போது பாருங்க, காடி வாசனை அடிக்கிற ரகம் சிமெண்டுக்கும் மார்பிளுக்கும் ஆகாதுங்க. நியூட்ரல்னு போட்டிருக்கிற, பூஞ்சை பிடிக்காத பாத்ரூம் ரகமா கேளுங்க.

இன்னொண்ணு சொல்லிடறேனுங்க, பூஞ்சைக்கு பிளீச்சிங் போட்டுத் தேய்க்கிறவங்க, ஆசிட் ஊத்துன அன்னைக்கு அதைத் தொடவே கூடாதுங்க. ரெண்டும் கலந்தா குளோரின் வாயு. எங்க பக்கத்து வீட்டக்கா கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டையும் ஊத்தி, மூச்சு முட்டி வெளிய ஓடி வந்தாங்க. சின்ன பாத்ரூம், ஒரே ஒரு வெண்டிலேட்டர்.

சிவில்காரன்:
உடைக்கிறதுக்கும் அப்புறதுக்கும் முன்னாடி எங்க ஒழுகுதுன்னு பிடிங்க. காசு செலவில்லாத மூணு சோதனை இருக்கு, இதே வரிசையில பண்ணுங்க.

கீழ் வீட்டு சீலிங்ல வட்டத்தோட ஓரத்தைப் பென்சிலால கோடு போட்டுத் தேதி எழுதிடுங்க. இது இல்லாம செய்யற எந்தச் சோதனையும் "கொஞ்சம் பெருசான மாதிரி இருக்கு சார்"லயே முடியும்.

ஒண்ணு: மூணு நாள் அந்த பாத்ரூமை யாரும் தொடாதீங்க, ஆனா தண்ணி வால்வைத் திறந்தே வைங்க. அப்பவும் வட்டம் கோட்டைத் தாண்டிப் போய்க்கிட்டே இருந்தா பெரும்பாலும் தண்ணி வர்ற பிரஷர் பைப்லயே ஓட்டை. கிரவுட்டை மறந்துட்டு பிளம்பரைக் கூப்பிடுங்க. ரெண்டு: டிராப்பை அடைச்சு தரையில ஒரு இஞ்ச் தண்ணி கட்டி 24 மணி நேரம் விடுங்க. வாசப்படி வழியா வெளிய போகாம பார்த்துக்குங்க. தண்ணி மட்டத்தை டைல்ஸ்ல குறிச்சு வைங்க. மூணு: தரை காய்ஞ்சதும் சுவர்ல மட்டும் ஹேண்ட் ஷவரை அடிங்க, டிராப் திறந்திருக்கட்டும், 20 நிமிஷம்.

சிங்கைவாசி:
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இந்தச் சண்டைக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: கூரைக் கசிவை விசாரித்துச் சரிசெய்வது மேல் வீடு, கீழ் வீடு இரண்டு பேருடைய பொறுப்பும்தான். தகுதி இருந்தால் செலவில் பாதியைக் கழகமே ஏற்றுக்கொள்ளும் திட்டமும் உண்டு. புதுக் கட்டடம் என்றால் முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறை ஓடுகளை உடைக்கவே அனுமதி கிடையாது, வாட்டர்ப்ரூஃபிங் கெட்டுவிடும் என்பதால். உங்கள் மாமா போட்டோவோடு நிறுத்திக்கொள்கிறாரே, நல்ல மனிதர்.

மூணாவதுமாடி:
ஆமாங்க, இன்னும் நிறுத்திக்கிட்டிருக்கார்.

மூணாவதுமாடி:
(எட்டு நாள் கழிச்சு.) மூணு சோதனையும் முடிஞ்சது.

மூணு நாள் பூட்டி வச்சோம். வட்டம் கோட்டைத் தாண்டல, ஓரம் கொஞ்சம் வெளுத்திருந்தது. தண்ணி கட்டினோம், 24 மணி நேரத்துல மட்டம் நூல் அளவுதான் இறங்கியிருந்தது. கீழ ஒண்ணும் இல்லை. எனக்கு ஒரே குழப்பம். அப்புறம் சுவர்ல அடிச்சேன். மறுநாள் காலையில மாமா போன்: "தம்பி, கோட்டைத் தாண்டி ரெண்டு விரக்கடை போயிருக்கு." அவர் குரல்ல ஒரு சந்தோஷம் வேற.

உடனே குழாய்ங்களைப் பார்த்தேன். ஷவர் டைவர்ட்டரை (தண்ணியை ஷவருக்குத் திருப்புற குழாயை) சுத்தி ஒரு வட்டமான ஸ்டீல் தட்டு இருக்குமே, அதை மெதுவா கழட்டினேன். உள்ள டைலை உடைச்ச ஓட்டை, எலி போகும் அளவுக்கு. சுத்தி ஒரு சொட்டு சிலிக்கான் கிடையாது. 11 வருஷமா குளிக்கிற தண்ணி தட்டுக்குப் பின்னாடி வழிஞ்சு நேரா சுவருக்குள்ள போயிருக்கு. அசையுற டைலும் அதுக்கு நேர் கீழதான்.

கரண்டி:
பிடிச்சீங்க பாருங்க! இதை எத்தனை வீட்ல பார்த்திருக்கேன். டைல்ஸ்காரன் "பிளம்பர் அடைப்பான்"னு போயிடுவான், பிளம்பர் "டைல்ஸ்காரன் அடைச்சிருப்பான்"னு தட்டை மூடிடுவான்.

தரை தாங்குது, அதனால மொத்தமா உடைக்க வேண்டாம். அசையுற டைலை மட்டும் எடுத்து, பின்னாடி பழைய கலவையைச் செதுக்கிட்டு, வாட்டர்ப்ரூஃப் ரெண்டு கோட் அடிச்சு, பல் கரண்டியால டைல் பசையை முழுசாப் பரப்பி ஒட்டுங்க. உருண்டை வைக்காதீங்க! மீதி நாலும் அசையலைன்னா இப்போதைக்கு விட்டுடலாம். தட்டைச் சுத்தி சிலிக்கான் போடும்போது அடிப்பக்கம் கடுகளவு இடைவெளி விடுங்க. உள்ள குழாய் கசிஞ்சா அது வழியா வெளிய தெரியும்.

இனி ஜாயின்ட். பழசு மேலயே புதுசு பூசுற வேலை வேண்டாம், ஒரே மாசத்துல தோல் உரிஞ்ச மாதிரி வரும். பழசைச் சுரண்டி எடுக்கணும். டைல் கனத்துல மூணுல ரெண்டு பங்கு ஆழம் எடுத்தா நல்லது. கைச் சுரண்டி கடையில கிடைக்கும், இல்லை ஆக்ஸா பிளேடு உடைச்சதை வச்சுக்கூட இழுக்கலாம். கிரைண்டரை எடுக்காதீங்க, ஒரு நொடி கை நழுவினா டைல் விளிம்பு போயிடும். வாயில மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

மூணாவதுமாடி:
சிமெண்ட் கிரவுட்டா, எபாக்ஸிங்கிற பிசின் கிரவுட்டா? கடையில எபாக்ஸி பல மடங்கு விலை சொல்றாங்க.

சிவில்காரன்:
சுவருக்கு பாலிமர் கலந்த சிமெண்ட் கிரவுட்டே போதும்னு நான் சொல்வேன். தப்பு பண்ணினாலும் திருத்தலாம். பாக்கெட்ல சொன்ன அளவுக்கு மேல ஒரு சொட்டு தண்ணி ஊத்தக்கூடாது, அவ்வளவுதான். தண்ணி கூடினா காயும்போது சுருங்கும், விரிசலும் ஊசித் துளையும் வரும், நிறம் திட்டுத்திட்டா ஆகும். ஒயிட் சிமெண்ட் உதிர்றதும் அதனாலதான். பாலிமரும் இல்லை, மணலும் இல்லை, கைக்குத் தோணின அளவு தண்ணி. 3 எம்எம் வரைக்கும் மணல் இல்லாத ரகம், அதுக்கு மேல மணல் கலந்த ரகம்.

கரண்டி:
சிவில் சார் கிட்ட எனக்கு இதுல ஒத்துப்போகாது. போர் தண்ணி வீடு, ஆசிட் பழக்கம் இருந்த வீடு. இன்னிக்கு நிறுத்துறேன்பாங்க, பொங்கலுக்கு வீடு கழுவும்போது பாட்டில் தானா வந்துடும். எபாக்ஸி பிசின், ஆசிட்டுக்கு லேசுல அசையாது, தண்ணியும் குடிக்காது. ஆனா ஜாயின்ட் எலும்பு மாதிரி காய்ஞ்சிருக்கணும். ஈரத்து மேல போட்டா பிடிக்காது. உங்க சுவர் 11 வருஷம் தண்ணி குடிச்சது. சுரண்டி முடிச்சு ஃபேன் போட்டு ஒரு வாரமாவது காய விடுங்க. ஜாயின்ட் 2 எம்எம்முக்குக் கம்மியா இருந்தா எபாக்ஸி உள்ள இறங்காது, அதையும் பாருங்க. டைலோட டைலை இடிச்சு ஒட்டின வீடுங்களுக்கு எந்த கிரவுட்டும் வேலைக்காகாது.

மூணாவதுமாடி:
2 எம்எம் இருக்கு. எவ்வளவு வாங்கணும்?

சிவில்காரன்:
டைல் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, ரெண்டையும் பெருக்கினதால வகுங்க. அதை ஆழம், ஜாயின்ட் அகலம், 1.7 இதுங்களால பெருக்குங்க, அளவெல்லாம் எம்எம்ல. ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வரும். உங்களுக்கு 300க்கு 450, ஆழம் 6, அகலம் 2. கிட்டத்தட்ட 110 கிராம். 8 சதுர மீட்டர் சுவருக்கு ஒரு கிலோவுக்குள்ள. சேதாரம், தரை எல்லாம் சேர்த்து ரெண்டு கிலோ வாங்கிக்குங்க.

மூணாவதுமாடி:
(மூணு வாரம் கழிச்சு.) திட்டு வாங்க ரெடியா வந்திருக்கேன்.

சுரண்டல் மட்டும் நாலு சாயங்காலம் ஆச்சு. கட்டைவிரல் காய்ச்சுப் போச்சு. அசையுற டைலை எடுத்தா பின்னாடி கலவை சேறு மாதிரி இருந்தது, பத்து நாள் ஃபேன் ஓடுச்சு. புது டைல் அதே டிசைன்ல கிடைக்கல, வெள்ளையா ஒண்ணு ஒட்டிட்டேன். பல் விழுந்து தங்கப்பல் கட்டின மாதிரி இருக்கு.

எபாக்ஸி ஒரு கிலோவை அக்னி நட்சத்திரத்துல, மத்தியானம் ரெண்டு மணிக்கு, மொத்தமா கலந்தேன். மூணு வரிசைதான் அடைச்சிருப்பேன். பக்கெட்டைத் தொட்டா சுடுது. திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள கரண்டி உள்ளயே கல்லாயிடுச்சு. இன்னும் பக்கெட்டோட பால்கனியில நட்டு வச்ச மாதிரி நிக்குது.

கரண்டி:
சொல்லாம விட்டது என் தப்பு. அது காயறதே சூடாகித்தான். குவிச்சு வச்சா சூடு உள்ளயே தங்கி இன்னும் சீக்கிரம் இறுகும். விடிகாலையில வேலை. சமையல் தராசுல ரெசின், ஹார்டனர், பவுடர் மூணையும் பாக்கெட்ல இருக்கிற விகிதப்படி கால்வாசி கால்வாசியா நிறுத்து எடுங்க. கண்ணளவு கூடாது, விகிதம் தப்பினா பிசுபிசுன்னே இருக்கும். கலந்ததும் ஒரு தட்டுல பரப்பி வச்சுக்குங்க. ரப்பர் பட்டையால குறுக்கா, சாய்ச்சு இழுங்க. ஜாயின்ட் வாக்குலயே இழுத்தா உள்ள இருக்கிறதைத் தோண்டி எடுத்துடும். அரை மணிக்குள்ள ஸ்பாஞ்சை நல்லாப் பிழிஞ்சு துடைச்சிடணும். மறுநாள் தேய்ச்சுக்கலாம்னு விட்டா டைல் மேல பிசின் படலம் அப்படியே நின்னுடும்.

மூணாவதுமாடி:
ரெண்டாவது கிலோவை காலை அஞ்சரைக்கு, வீட்டம்மா தராசு பிடிக்க, நாலு தடவையா கலந்து முடிச்சோம். 24 மணி நேரம் யாரும் கால் வைக்கல, ஏழு நாள் தண்ணி படல. மூலைக்கும் குழாய்த் தட்டுக்கும் சிலிக்கான். ரெண்டு பக்கமும் காகித டேப் ஒட்டி, சோப்புத் தண்ணியில விரலை நனைச்சு ஒரே இழுப்பு, ஈரமா இருக்கும்போதே டேப்பை உரிச்சேன். நான் செஞ்சதுலயே அழகா வந்தது அதுதான்.

மறுபடி சுவர்ல 20 நிமிஷம் அடிச்சாச்சு. வட்டம் நகரல.

கோவைக்காரி:
சந்தோஷங்க. உப்புக்கறைக்கு இனி என்ன பண்றீங்க?

மூணாவதுமாடி:
குளிச்சு முடிச்சதும் கண்ணாடி துடைக்கிற ரப்பர் வைப்பரால சுவரை இழுத்து விட்டுடுறோம், அரை நிமிஷ வேலை. தண்ணி நின்னு காஞ்சாத்தானே கறை. வேலைக்கு வர்ற அக்காவுக்குத்தான் மனசு ஆறல. "நுரையே வரலையே சார், எப்படி சுத்தமாகும்"ங்கிறாங்க.

ஒரே ஒரு பிரச்சினை பாக்கி. மாமா அடுத்த வாரமே சீலிங்குக்குப் பெயின்ட் அடிக்கணுமாம்.

சிவில்காரன்:
அவசரப்படாதீங்க. ஸ்லாப் உள்ள இன்னும் ஈரம் இருக்கும். வெள்ளையா உப்பு பூக்கும், அதைக் காஞ்ச பிரஷ்ஷால தட்டி எடுங்க, ஈரத்துணி போட்டா உப்பு கரைஞ்சு மறுபடி உள்ள போயிடும். பூக்கிறது நின்னு ஒரு மாசம் கழிச்சு பெயின்ட். அதுவரைக்கும் பென்சில் கோட்டை அழிக்க வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லுங்க.

மூணாவதுமாடி:
சொல்லிட்டேன். ஒத்துக்கிட்டார். ஆனா இப்ப ஹால் சீலிங்கையும் சேர்த்து என் கணக்குல எழுதுறார், "ஒரே வீடு, ரெண்டு வெள்ளை நல்லா இருக்காது தம்பி"ன்னு.

கரண்டி:
பால்கனியில இருக்கிற அந்த பக்கெட்டைக் கொண்டு போய்க் காட்டுங்க. பாதியாவது குறைச்சுப்பார்.